குடி தாய்வழி, தோல் தகப்பன்வழி

என் மடைத்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கூட்டித்தான் சொல்லுவார்கள். நாற்பத்தாறு வயது வரைக்கும், சொரியாசிஸ் என்பது காணி உறுதியோடு சேர்ந்து போகிற சாமான் என்று நம்பியிருந்தேன். வீடு ஆருக்கோ, வருத்தமும் அவருக்கு.

இது விளங்க வேண்டுமென்றால் எங்கள் பக்கத்து வழக்கம் கொஞ்சம் தெரிய வேண்டும். நான் பிறந்தது மூதூரில். அங்கே எங்கள் ஆட்களுக்குக் குடி, அதாவது வம்சம், தாய்வழி. பிள்ளை தாயின் குடி, தாய் அவளுடைய தாயின் குடி. தகப்பன் அந்த வீட்டில் நல்ல மரியாதையோடு நடத்தப்படுகிற ஒரு விருந்தாளி. வீடும் வளவும் பொம்பிளைப் பிள்ளைக்கு எழுதப்படும். ஆம்பிளைப் பிள்ளை கலியாணம் முடித்ததும் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனுசி வீட்டுக்குப் போய்விடுவான். நானும் அப்படி மூதூரிலிருந்து திருகோணமலை ரவுனுக்கு வந்தவன்தான். உள்துறைமுகத்துக்குக் கிட்ட, மனுசியின் சீதன வீட்டில் இருபது வருசமாக இருக்கிறேன். விறாந்தையில் எனக்கென்று ஒரு கதிரை உண்டு. விருந்தாளிகள் வந்தால் அதையும் எழும்பிக் கொடுக்க வேண்டும்.

அம்மாவுக்கு அந்த வருத்தம் இருந்தது. முழங்கை, முழங்கால், தலைமயிர் தொடங்குகிற ஓரம். சிவந்து தடித்து, மேலே வெள்ளி நிறத்தில் செதில் செதிலாக. அம்மாவின் தாய்க்கும் இருந்ததாகக் கதை. அக்காவின் பெயரில் வீட்டை எழுதி ஒரு வருசம் ஆகவில்லை, அக்காவின் முழங்காலில் வந்துவிட்டது. மூன்று பொம்பிளைகள், ஒரே வீடு, ஒரே கிணறு. இதற்கு மேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

"வீட்டை மட்டும் தனிய எடுக்க ஏலாது அக்கா," என்று சொல்லுவேன். "நொத்தாரிசு எல்லாத்தையும் சேர்த்துத்தான் எழுதினவர்."

வருசத்துக்கு நாலு தரம் மூதூருக்குப் போவேன், நாலு தரமும் இதே பகிடியை விடுவேன். அக்கா சிரித்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவார். நான் என் பகிடி நல்ல பகிடி என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடிப்பேன்.

வருத்தத்தின் பெயரும் அக்காவுக்கு வாய்ப்பாக அமையவில்லை. வெளிநாட்டுக்காரர் என்ன நினைத்து அந்தப் பெயரை வைத்தார்களோ தெரியாது, தமிழ்க் காதில் அதன் முதல் இரண்டு எழுத்துத்தான் விழும். சொறி. சொறி என்றால் தொற்றும் என்பது எல்லாருக்கும் தெரியும். அக்கா ஒருமுறை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு மனுசியிடம் வருத்தத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறார். கிண்ணியாவில் இறங்க வேண்டிய அந்த மனுசி அதற்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாவாம். அதற்குப் பிறகு அக்கா ஆர் கேட்டாலும் "அலர்ஜி" என்று மட்டும் சொல்லுவார். இதையும் நான் பகிடியாக்கினேன்.

இனி என் முழங்கைக்கு வருகிறேன்.

நான் போட் எஞ்சின் திருத்துகிறவன். துறைமுகப் பக்கத்தில் சின்னக் கடை. சல்லி, இறக்கக்கண்டி, மூதூர் என்று எல்லாக் கரையிலிருந்தும் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒருநாள் பெஞ்சில் முழங்கையை ஊன்றினபோது ஏதோ கரகரத்தது. பார்த்தால் ஒரு ரூபாய் நாணயக் குத்தியளவில் சிவப்பு, மேலே வெள்ளிச் செதில். அம்மாவின் முழங்கையைப் பத்து வருசம் பார்த்து வளர்ந்தவன் நான். பார்த்த உடனே தெரிந்தது. தெரிந்த உடனே தெரியாது என்று முடிவெடுத்தேன். மனிசனுக்கு மூளை எதற்கு இருக்கிறது?

ஆம்பிளைப் பிள்ளைக்கு இது வர ஏலாது. என்னிடம் வீடு இல்லை. ஆகவே இது வேறு என்னவோ. பெற்றோல் பட்டது. கிறீஸ் பட்டது. பெஞ்சுப் பலகையின் சிராய்.

கடைக்கு வருகிற ஆட்களுக்கு விளக்கம் சொல்லுவது சுலபமாக இருந்தது. துறைமுகப் பக்கத்தில் கையில் செதில் ஒட்டியிருக்கிறவனை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். செதில் இல்லாதவனைத்தான் வெளியூரோ என்று கேட்பார்கள். சல்லியில் இருந்து வருகிற ஒரு சம்மாட்டி, மூன்று போட்டுக்குச் சொந்தக்காரர், மட்டும் கூர்மையான ஆள்.

"என்ன அண்ணை, காலமையே மீன் வெட்டினனீங்களோ?"

"ஓம். விளைமீன்."

அடுத்த கிழமை வந்தவர் என் கையைப் பார்த்தார். "இண்டைக்கும் விளைமீனோ?"

"ஓம்."

"நாங்கள் கடலுக்குப் போயும் கீரிமீன்தான் கொண்டுவாறம். நீங்கள் கடைக்குள்ள இருந்துகொண்டு கிழமைக்குக் கிழமை விளைமீன் தின்னிறீங்கள்," என்றார். "எஞ்சின் கூலியைக் கொஞ்சம் குறைக்கலாம்போல கிடக்கு."

அன்றைக்குப் பின்னேரமே இரண்டு முழுக்கைச் சேட் வாங்கினேன். துறைமுக வெய்யிலில், எஞ்சின் சூட்டில், மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் பூட்டிக்கொண்டு வேலை செய்கிற ஒரே மெக்கானிக் நான்தான். மருந்துக் கடையில் தார் மணக்கிற ஒரு பூச்சு மருந்து வாங்கி இரகசியமாகப் பூசினேன். வேறு தொழில் செய்கிறவன் அந்த மணத்தோடு மாட்டுப்பட்டிருப்பான். என் கடையில் தார், டீசல், பெற்றோல், பக்கத்து வாடியில் காய்கிற மீன் எல்லாம் சேர்ந்து மணக்கிற மணத்துக்குள் அது ஒரு வாசனைத் திரவியம்.

மனுசியிடம் சொல்லாமல் இருக்க ஏலாது, ஒரே அறை. பெற்றோல் பட்டுத் தோல் வெந்துவிட்டது என்றேன்.

"நாள் முழுக்கப் பெற்றோல் குடிக்கிற எஞ்சினுக்கு ஒண்டும் வரேல்லை, துடைக்கிற உங்களுக்கு வந்திட்டுதோ?" என்று கேட்டுக்கொண்டே தேங்காய் எண்ணெய் பூசிவிட்டாள்.

அவளிடம் உண்மையைச் சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் கலியாணப் பேச்சில் மாமா, அதாவது மனுசியின் தகப்பன், நேரடியாகக் கேட்டவர்: "உங்கட பகுதியில பரம்பரை வருத்தம் ஏதும் உண்டோ தம்பி?" நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "உண்டு மாமா, ஆனால் அது பொம்பிளையளுக்குத்தான். என்னோட வராது," என்றவன். நான் எஞ்சினுக்குக் கொடுக்கிற உத்தரவாதம் ஆறு மாதம். தோலுக்கு ஆயுள் முழுக்கக் கொடுத்துவிட்டேன்.

அப்படியே எனக்கு வந்திருந்தாலும்கூட, என்று விறாந்தைக் கதிரையில் இருந்து எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன், இது என்னோடு முடிகிற காரியம். எங்கள் மகள் தாயின் குடி. மூதூரில் இருந்த என் தாயின் வருத்தம், குடி மாறி, கடல் தாண்டி, ரவுனில் உள்ள இவளிடம் வர வழியே இல்லை. அந்தத் தைரியத்தில் ஒன்றரை வருசம் போனது.

மகளுக்கு அப்போது பதினேழு வயது. உயர்தர வகுப்பு. பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் கூடைக்குள் பந்து போடுகிறவள் அவள்தான். மாகாண மட்டப் போட்டிக்கு அணி தெரிவாகி, பின்னேரம் பின்னேரம் பயிற்சி. அந்த நேரத்தில் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து ஒரு கிழமை படுத்தாள். எழும்பி இரண்டு கிழமையில் வயிற்றிலும் முதுகிலும் மேல்கையிலும் சின்னச் சின்னப் புள்ளிகள். முதல் மழை விழுந்த மணலைப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படிச் சிவப்பாய்ப் பொட்டுப் பொட்டாய். தாயிடம்தான் காட்டினாள். தாய் எனக்குச் சொன்னாள். மூன்று பேருமாகப் பக்கத்து வீதியில் உள்ள டொக்டரிடம் போனோம்.

டொக்டர் பார்த்துவிட்டுக் கேட்டார்: "குடும்பத்தில ஆருக்கும் தோல் வருத்தம் ஏதும் இருக்கோ?"

"இல்லை," என்றேன்.

மனுசி வாயைத் திறக்கிறதற்கு முன்னம் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடக் காலத்திலும் நான் ஒரு கேள்விக்கு அவ்வளவு கெதியாய் விடை சொன்னதில்லை. கையை நீட்டிச் சொன்னதில் சேட் பொத்தான் மணிக்கட்டில் இறுகியது. ஆனால் அது பொய் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. பிள்ளையின் குடும்பம் என்றால் தாயின் பகுதி. தாயின் பகுதியில் ஒருவருக்கும் இல்லை. கணக்குச் சரி.

அவர் கையில் இருந்த விபரத்துக்கு அது தேமல் மாதிரித்தான் இருந்திருக்கும். தேமலுக்கு ஒரு பூச்சு மருந்து தந்தார். "பூசிப் பாருங்கோ. குறையாவிட்டால் திரும்பக் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றார்.

குறையவில்லை. கூடியது. நான் திரும்பக் கூட்டிக்கொண்டு போகவில்லை. திரும்பப் போனால் திரும்பக் கேட்பார்.

அதற்குப் பதிலாக வீட்டுச் சாப்பாட்டில் கைவைத்தேன். எங்கள் ஊரில் தோலில் ஏதும் வந்தால் முதலில் பிடிபடுகிற குற்றவாளி கிரந்தி. கிரந்திச் சாப்பாடு என்று ஒரு பட்டியல் எல்லார் வாயிலும் இருக்கிறது. நண்டு, இறால், கணவாய், சூரை, கத்தரிக்காய், அன்னாசி. அத்தனையையும் ஒரே நாளில் தடைசெய்தேன். துறைமுகத்தில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற வீட்டில் மூன்று கிழமை பருப்பும் பூசணியும்.

"பிள்ளைக்குத்தானே வருத்தம்," என்றாள் மனுசி, "நான் ஏன் நண்டைத் தின்னக் கூடாது?"

"வீட்டில சமைச்சால் மணக்கும்."

"மணத்தில கிரந்தி வருமெண்டால் நீங்கள் கடையில இருந்து வந்து நிக்கிற மணத்துக்கு இந்த ஒழுங்கை முழுக்கச் சொறிஞ்சுகொண்டெல்லோ நிக்க வேணும்."

மகள் பருப்பைச் சாப்பிட்டாள். பயிற்சிக்குப் போகாமல் விட்டாள். கேட்டபோது, "கால் நோகுது அப்பா," என்றாள். நான் அவள் காலைத் தூக்கி மடியில் வைத்து, கணுக்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வீக்கம் இல்லை. போட் எஞ்சினில் பிழை எங்கே என்று சத்தத்தை வைத்தே சொல்லுகிறவன் நான். அந்தக் கணுக்காலுக்கு அரை மணித்தியாலம் எண்ணெய் தேய்த்தேன்.

இரண்டு காரியம் ஒரே கிழமையில் கண்ணில் பட்டது. முதலாவது, அதற்குக் கொஞ்ச நாள் முந்தி ஒரு எஞ்சினின் மூடியைக் கழற்றும்போது ஸ்பானர் வழுக்கி என் புறங்கையில் கீறியிருந்தது. நீளமான கீறல். பத்துப் பன்னிரண்டு நாளில் காயம் ஆறி, ஆறின கோட்டின் மேலேயே வெள்ளிச் செதில் வந்தது, அடிமட்டம் வைத்துக் கீறினது மாதிரி நேராக. முழங்கையைச் சேட்டால் மூடலாம். புறங்கையை மூட நான் கையுறை போட்டுக்கொண்டு சோறு தின்ன வேண்டும்.

இரண்டாவது, மகள் கொடியில் துவாய் எடுக்கக் கையை உயர்த்தினபோது அவளுடைய சட்டைக் கை சரிந்தது. அவளும் வீட்டுக்குள் நீளக் கைச்சட்டை போடத் தொடங்கி எத்தனை நாள் என்று நான் கவனித்திருக்கவில்லை. மேல்கையில் அந்தப் புள்ளிகள். வெய்யில் பட்டபோது அவற்றின் மேல் வெள்ளி மினுங்கியது. அதே வெள்ளி. அம்மாவின் முழங்கையிலும் என் முழங்கையிலும் பார்த்த வெள்ளி.

மகள் சட்டென்று சட்டையை இழுத்துவிட்டாள். நானும் அதே நேரத்தில் என் கையைப் பின்னால் கொண்டுபோனேன். இரண்டு பேரும் துவாயைப் பற்றி ஏதோ கதைத்தோம்.

அடுத்த நாள் கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூருக்குப் போனேன். போகிற வழியெல்லாம் அக்காவிடம் என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டு போனேன். ஏதாவது நாட்டு மருந்து. ஏதாவது எண்ணெய். வருத்தம் எனக்கு என்று சொல்லாமல், தெரிந்த ஒருவருக்கு என்று கேட்கலாம்.

அக்கா கதிரையைக் காட்டினார். தேத்தண்ணி தந்தார். நான் கோப்பையை வாங்கக் கை நீட்டினபோது புறங்கையைப் பார்த்தார்.

"எப்பயிருந்து?"

"எது?"

"தம்பி, எனக்கு இருபது வருசமா இருக்கு. நீ எனக்கு விளைமீன் கதை சொல்லாதை." சம்மாட்டியின் கதை மூதூர் வரைக்கும் வந்திருந்தது.

அவர் என் சேட்டின் கையை முழங்கை வரைக்கும் மடித்தார். பார்த்தார். என் பகிடிகள் ஒவ்வொன்றுக்கும் வட்டியோடு திருப்பித் தருவார் என்று காத்திருந்தேன். அவரோ உள்ளே போய் ஒரு எண்ணெய்ப் போத்தலோடு வந்து, "கழுவின உடன ஈரத்தோட எண்ணெய் பூசு. செதிலைப் பிய்க்காதை," என்றார்.

"அக்கா, இது ஆம்பிளையளுக்கு வாறதில்லையே."

"ஆர் சொன்னது?"

"ஆருக்கு வந்தது? சொல்லுங்கோ பாப்பம். அம்மாவுக்கு, உங்களுக்கு. வீட்டில இருந்த பொம்பிளையளுக்குத்தானே."

அக்கா என்னை, நன்றாகப் படித்துவிட்டுச் சோதினையில் பெயரைப் பிழையாக எழுதின பிள்ளையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். "எங்கட சின்ன மாமாவை ஞாபகம் இருக்கோ? இறக்கக்கண்டியில கலியாணம் முடிச்சவர்."

ஞாபகம் இருந்தது. அம்மாவின் தம்பி. கொளுத்துகிற வெய்யிலில் தோணி தள்ளும்போதும் முழுக்கைச் சேட்டும் நீளக் காற்சட்டையும். சின்ன வயதில் நாங்கள் அவருக்கு "நடிகர்" என்று பட்டம் வைத்திருந்தோம்.

"அது ஸ்ரைலுக்கெண்டோ நினைச்சனீ?" என்றார் அக்கா. "முதுகு முழுக்க அவருக்கு. மாமி எனக்குச் சொன்னவ. அவரின்ர நடு மகனுக்கும் இருக்கு. அவன் கலியாணம் முடிச்சு வேற ஊருக்குப் போயிட்டான்."

"ஒருத்தரும் சொல்லேல்லையே."

"ஆம்பிளையள் கலியாணத்தோட வீட்டை விட்டுப் போறீங்கள். மறுகா வருத்தம் வந்தால் அங்க ஒருத்தி பூசிவிட்டதை இஞ்ச ஆர் காண்றது? நாங்கள் வீட்டிலேயே நிக்கிறம், அதனால எங்கட முழங்கால் ஊருக்குத் தெரியும். நீ பார்த்தது வருத்தம் ஆருக்கு வந்தது எண்டில்லை தம்பி. ஆர் வீட்டில நிண்டது எண்டு."

நான் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருசமாக நான் கட்டி வைத்திருந்த கோட்டையை அக்கா, தேத்தண்ணி ஆறுகிறதற்கு முன்னம், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிப் பொறுக்கி எறிந்துவிட்டார். ஆம்பிளைகளுக்கு வராமல் இல்லை. வந்த ஆம்பிளைகள் வேறு வேறு ஊரில், வேறு வேறு பொம்பிளைகளின் வீட்டில், முழுக்கைச் சேட்டுக்குள் இருந்திருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

"பிள்ளைக்கும் வந்திட்டுது," என்றேன்.

அக்கா அதுவரை கையில் வைத்திருந்த எண்ணெய்ப் போத்தலைக் கீழே வைத்தார். "டொக்டர் என்ன சொன்னவர்?"

"தேமல் எண்டவர்."

"எங்களுக்கு இருக்கெண்டு சொன்னனீயோ?"

மடித்த சேட்டின் கையைக் கீழே இழுத்துவிட்டேன்.

"நீ பகிடி விட்ட நேரமெல்லாம் நான் பொறுத்தனான்," என்றார் அக்கா. "என்ர முழங்காலை வைச்சு நீ சிரிச்சாய், பரவாயில்லை. அவள்ர முதுகை வைச்சு ஒளிச்சு விளையாடாதை. நாளைக்கே கொண்டுபோ. சேட்டைக் கழட்டிக் காட்டு."

அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டேனா என்று என் மனுசி பிறகு விசாரித்தாள். கேட்டேன். அக்கா "ஓம் ஓம்" என்றுவிட்டு, திரும்பிப் போகும்போது கொண்டுபோகச் சொல்லி இரண்டு கிலோ நண்டு வாங்கித் தந்தார்.

தோல் கிளினிக்குக்கு அந்தக் கிழமையிலேயே இடம் கிடைத்தது. நீளமான வாங்கில் மூன்று பேரும் இருந்தோம், மகள் நடுவில். அவளுக்கு அடுத்த வாரம் போட்டி. அணியில் வேறொரு பிள்ளையைப் போட்டுவிட்டார்கள் என்று அன்றைக்குத்தான் மெதுவாகத் தாயிடம் சொன்னாள். நான் மனதுக்குள் ஒரு பேச்சைத் தயார்பண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா, அக்கா, சின்ன மாமா, அவருடைய மகன், என் முழங்கை, வரிசையாக. சொல்ல வேண்டிய ஒரு சொல்லும் விட்டுப்போகாத நல்ல பேச்சு.

டொக்டர் இளம் பொம்பிளை, யாழ்ப்பாணத்து ஆள். மகளின் முதுகைத் திரைக்குள் வைத்துப் பார்த்துவிட்டு வந்து கொப்பியைத் திறந்தார். "முன்னம் தொண்டை நோ வந்ததோ?" என்று கேட்டார். வந்தது என்றோம். "குடும்பத்தில ஆருக்கும் சொரியாசிஸ்?"

"எங்கட பகுதியில இல்லை டொக்டர்," என்றாள் மனுசி.

"அப்பாவின்ர பகுதியில?"

தயார்பண்ணின அவ்வளவு பேச்சிலும் வெளியே வந்தது இவ்வளவுதான்: "பிள்ளை தாயின்ர குடி, டொக்டர்."

டொக்டரின் பேனை நின்றது. மனுசியை நிமிர்ந்து பார்த்தார். குரலைத் தணித்து, மிகவும் அன்பாகக் கேட்டார்: "எவ்வளவு காலமாக் குடிக்கிறீங்கள் அம்மா?"

என் மனுசி வெள்ளிக்கிழமை விரதக்காரி. வயிற்று நோவுக்குப் புளிக்கவைத்த மருந்தான அரிட்டம் கொடுத்தால்கூட மூக்கைப் பிடிக்கிறவள்.

"ஆர் குடிக்கிறது?" என்றாள்.

"பரவாயில்லை அம்மா, இஞ்ச ஒருத்தரும் குறை சொல்ல மாட்டினம். குடியும் இந்த வருத்தத்தைக் கூட்டும், அதுக்காகத்தான் கேக்கிறன்."

மனுசி என் பக்கம் திரும்பின விதத்தை இங்கே எழுத ஏலாது. எங்களுக்கு நடுவில் ஏதோ சத்தம் கேட்டது. மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணி வர. மூன்று கிழமையாக எங்கள் வீட்டில் பருப்பு கொதிக்கிற சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்டிருக்கவில்லை.

"அந்தக் குடி இல்லை டொக்டர்," என்றேன். "வழி. எங்கட பக்கத்தில பிள்ளையைத் தாய்வழியிலதான் சேர்க்கிறது."

"அது உங்கட வீட்டுக்கும் காணிக்கும்," என்றார் டொக்டர். அவருக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. "தோலுக்குத் தகப்பனும் வேணும். சொல்லுங்கோ, உங்கட பகுதியில ஆருக்காவது இருக்கோ?"

நான் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினேன். அவசரத்தில் ஒரு பொத்தான் அறுந்து மேசைக்குக் கீழே போனது. இரண்டு கையையும் முழங்கைக்கு மேல் மடித்து, மேசையில், கொப்பிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மனுசி என் முழங்கையையும் மகளின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பெற்றோல்," என்றாள்.

"இல்லை," என்றேன். "அம்மாவுக்கு இருந்தது. அக்காவுக்கு இருக்கு. அம்மாவின்ர தம்பிக்கு இருந்தது. எனக்கு ஒன்றரை வருசமா இருக்கு."

டொக்டர் எழுதிக்கொண்டே சொன்னார், இது ஒரே ஒரு மரபணுவின் வேலை இல்லை, பல சேர்ந்து செய்கிற வேலை. தாயிடமிருந்தும் வரலாம், தகப்பனிடமிருந்தும் வரலாம், ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். பெற்றோரிடம் இருந்தால் பிள்ளைக்குச் சாத்தியம் கூடும், ஆனால் கட்டாயம் வரும் என்றில்லை. பல பிள்ளைகளுக்கு வருவதேயில்லை. உள்ளே இருக்கிறதைத் தட்டி எழுப்ப ஏதாவது ஒன்று வேண்டும். சிலருக்குக் காயம், சிலருக்கு மனக்கவலை, சில மருந்துகள். இவளுக்குத் தொண்டை நோ. பெயரைக் கேட்டுவிட்டுச் சனம் பயப்படுகிற மாதிரி இது ஒருநாளும் தொற்றாது.

எனக்கு அது என் பாஷையில் விளங்கியது. ஒரே தொகுதியில் பத்து எஞ்சின் வரும். பத்திலும் அதே வார்ப்பு இருக்கும். இரண்டு மூன்றுதான் பிழை காட்டும், அதுவும் உப்புத்தண்ணி எங்கேயோ ஒரு கீறலுக்குள் போன பிறகு. அதற்காக ஒருவரும் எஞ்சினைக் கடலில் போடுவதில்லை. பார்த்துப் பார்த்து ஓட்டுகிறோம்.

"அப்ப பிரிட்ஜில கிடக்கிற நண்டு?" என்று மனுசி கேட்டாள்.

"நண்டுக்கு என்ன?"

"தின்னலாமோ?"

"அலர்ஜி இல்லையெண்டால் தாராளமாத் தின்னலாம்."

மனுசி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மூன்று கிழமைப் பூசணிக்காய் இருந்தது.

மருந்துத் துண்டைக் கொண்டு வெளியே வந்து வரிசையில் நின்றபோதுதான் மகள் வாயைத் திறந்தாள். என் சேட்டின் கை இன்னும் மடித்தபடியே இருந்தது.

"பெற்றோல் எண்டனீங்கள் அப்பா."

"ஓம்."

"நானும் நம்பினனான்." என் மடித்த கையைப் பார்த்தாள். "எனக்கு ஒரு கால்நோவும் இல்லை."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ அரை மணித்தியாலம் எண்ணெய் தேய்ச்சனீங்கள்?"

"எனக்கும் ஒரு வேலை வேண்டியிருந்தது."

அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்கும் இருக்கெண்டு தெரிஞ்சிருந்தால் நான் பயந்திருக்க மாட்டன்," என்றாள். "ஏதோ எனக்கு மட்டும் வந்த பெரிய வருத்தம் எண்டு நினைச்சனான். இன்ரநெற்றில தேடிப் பார்த்து அழுதனான்."

வரிசை ஒரு அடி நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம். அதற்குச் சொல்ல என்னிடம் ஒரு பகிடியும் இருக்கவில்லை. வாழ்க்கையில் அது எனக்குப் புது அனுபவம்.

இப்போது நான் கடையில் அரைக்கைச் சேட்தான். வெய்யில் படுவது நல்லதாம், அளவோடு. சம்மாட்டி வந்தபோது நானே கையை நீட்டி, இது விளைமீன் இல்லை, என் அம்மாவின் சீதனம் என்று சொல்லிவிட்டேன். தொற்றுமோ என்று கேட்டார். தொற்றாது என்றேன். அப்ப சரி என்று எஞ்சினை இறக்கினார். வேறொன்றும் நடக்கவில்லை. ஒன்றரை வருசம் நான் வேர்த்து ஊற்றினது இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

மகளுக்குத் தொண்டைக்கும் தோலுக்கும் மருந்து கொடுத்தார்கள். முதல் மாதம் புள்ளிகள் மங்கின. மூன்றாம் மாதம் முதுகிலும் கையிலும் ஒன்றும் இருக்கவில்லை. திரும்ப வரலாம், வராமலும் விடலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். மாகாணப் போட்டி முதல் மாதத்திலேயே நடந்து முடிந்தது. அவள் அதில் விளையாடவில்லை.